ஸ்டீயரிங் இறுகினால் எதை மாற்றுவது?

தெமங்கோர் ஏரியில் படகு ஓட்டுகிறவருக்கு மேலே மிதக்கும் கட்டையைவிட உள்ளே நிற்கும் மரம்தான் பயம். 1970களில் அணை எழும்பியபோது மூழ்கிய காடு அது. பட்ட மரங்கள் பல இன்னும் அப்படியே நிற்கின்றன. தோமான், செபாராவ் மீன்களைத் தேடி ஈப்போ, சுங்கை சிப்புட் பக்கமிருந்து பந்திங் தீவு ஜெட்டிக்குப் படகை இழுத்து வருகிறவர்களில், ரப்பர் தோட்டத்து ஓடையில் தூண்டில் போட்டுப் பழகியவர்களும் உண்டு. அந்த ஏரியில் ஸ்டீயரிங் சக்கரம் இறுகிப்போனால், மரத்தைக் கண்டும் ஒதுங்க முடியாது.

இறுகியதும் கேபிள்தான் போய்விட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். இன்ஜினையும் கேபிள் முனையையும் இணைக்கும் தண்டைக் கழற்றிவிட்டு, இன்ஜினைக் கையால் இடமும் வலமும் திருப்பிப் பார்க்க வேண்டும். அது இறுக்கமாக இருந்தால் கோளாறு இன்ஜினின் சுழல் பகுதியில். அது இலகுவாகத் திரும்பி, சக்கரம் மட்டும் அடம்பிடித்தால் கோளாறு கேபிளிலோ, அதன் முனைத்தண்டு ஓடும் டில்ட் டியூபிலோ, சக்கரத்தின் பின்னுள்ள பெட்டியிலோ இருக்கிறது. டியூபுக்குள் பழைய கிரீஸ் காய்ந்து மெழுகுபோல் கெட்டிப்பட்டிருப்பது அடிக்கடி காணும் காட்சி. அதைச் சுரண்டி எடுத்துப் புதுக் கிரீஸ் வைத்தாலே சில படகுகள் பிழைத்துக்கொள்ளும். வெளியுறை வெடித்து, உள்ளே துரு ஏறிய கேபிளை மட்டும் காப்பாற்ற நினைக்கக் கூடாது.

மாற்றுவது என்று ஆனபின் மூன்று வழிகள்.

ஏரியில் ஓடும் ஒற்றை இன்ஜின் படகுக்குப் பழையது போன்ற கேபிளே போதும். விலை குறைவு, ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவர் அரை நாளில் மாட்டிவிடலாம். நீளம்தான் ஆளைக் கவிழ்க்கும். உறையில் அச்சிட்ட எண் அழிந்திருந்தால், டெலிஃபிளெக்ஸ் வகைக் கேபிளுக்கு உறையை மட்டும் அங்குலத்தில் அளந்து, சக்கரத்தின் பின்னுள்ள பெட்டி ரோட்டரி வகையானால் 18, ரேக் வகையானால் 30 கூட்டி, மேலே உள்ள முழு அடிக்கு ஏற்ற வேண்டும். ரோட்டரியில் உறை 138 அங்குலம் என்றால் 156. அதாவது 13 அடிக் கேபிள். குட்டையாக வாங்கினால் வளைவு நெருங்கி, புதுக் கேபிளும் சீக்கிரமே இறுகும்.

ஹைட்ராலிக் வேறு ரகம். கேபிளுக்குப் பதில் குழாயில் எண்ணெய் ஓடும். சக்கரம் விரலுக்கே திரும்பும், இன்ஜின் ஒரு பக்கம் இழுப்பதும் கைக்குத் தெரியாது. 150 குதிரைத்திறனுக்கு மேல், அல்லது இரட்டை இன்ஜினோடு பாகான் டத்தோ, லூமுட் பக்கம் கடலுக்குப் போகிறவர் இதற்குச் செலவு செய்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் குழாயில் காற்றுக் குமிழ் தங்கினால் ஸ்டீயரிங் தளர்ந்துவிடும். கசிவையும் கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும். நாற்பது குதிரைத்திறன் படகுக்கு இது வீண் செலவு.

கேபிளே வேண்டாம் என்பவருக்கு இன்ஜினிலேயே பிடித்துத் திருப்பும் கைப்பிடி இருக்கிறது. சிறிய இன்ஜினுக்கு அதைவிட நம்பகமானது கிடையாது. ஆனால் ஓட்டுகிறவர் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்கக் கையால் பிடித்தாக வேண்டும்.

கேபிளைத் தேர்ந்தவர் பழையதை உருவும்போது அதன் முனையில் ஒரு கயிறு கட்டிவிட்டால், புதியதை அதே பாதையில் இழுத்துவிடலாம். துணி சுற்றிய கம்பியால் டில்ட் டியூபைத் துடைத்தபின்பே தண்டை நுழைக்க வேண்டும். இணைப்புத் தண்டின் நைலான் நட்டுகளைத் திரும்பப் பூட்டக் கூடாது, புதியவை வேண்டும். பின்னாளில் கிரீஸ் நிப்பிளில் அடிக்கும்போது கேபிளின் முனைத்தண்டு முழுக்க டியூபுக்குள் இழுபட்டிருக்க வேண்டும். வெளியே நீண்டிருக்கையில் அடித்தால் கிரீஸ் உள்ளே அடைபட்டு, மாற்றிய கேபிளே அசையாமல் நின்றுவிடும். உப்புநீரில் ஓடும் படகு என்றால் கரை ஏறிய அன்றே நல்ல தண்ணீரில் கேபிள் முனையைக் கழுவிவிட வேண்டும்.