குசினிக்கு ஹூட் வாங்கப்போகும் பிள்ளைகளுக்கு

ஜெர்மனியில் புதுக் குடித்தனம் தொடங்குகிற பிள்ளைகள் பலர், அடுப்புக்கு மேலே பூட்டுகிற ஹூட்டின் லேபிளில் பெரிய எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். எங்கள் சமையலுக்கு வேண்டிய விவரம் அந்த எழுத்துக்குக் கீழேதான் இருக்கிறது.

1. ‘ஏ’ என்றால் முதலிடம் என்று எண்ணவேண்டாம். 2021 மார்ச்சில் குளிர்சாதனப் பெட்டி, உடுப்புத் தோய்க்கும் மெஷின் போன்றவற்றின் லேபிள்கள் ஏ முதல் ஜி வரை என்று மாறின. ஹூட் அந்த மாற்றத்தில் சேரவில்லை. 2020 தொடக்கம் அதன் அளவு ஏ+++ முதல் டி வரை. ஆகவே ஹூட்டில் வெறும் ஏ என்பது நாலாவது படி.

2. ஆண்டு மின்செலவைக் கிலோவாட்-மணியில் போட்டிருப்பார்கள். ஹூட் ஒரு நாளைக்கு ஒரு மணித்தியாலமும் அதன் விளக்கு இரண்டு மணித்தியாலமும் எரியும் என்று வைத்துப் போட்ட கணக்கு அது. இரண்டு ஹூட்டுக்கு இடையே 50 யூனிட் வித்தியாசம், யூனிட் 35 சென்ட் என்றால் வருஷத்துக்கு 17.50 யூரோதான் மிச்சம். அதற்காக 150 யூரோ கூடக் கொடுத்தால் அந்தக் காசு திரும்பி வர எட்டு வருஷத்துக்கு மேலாகும்.

3. கொழுப்பு வடிகட்டும் திறனுக்கு லேபிளின் கீழ்ப்பகுதியில் தனி எழுத்து உண்டு. முதலில் அதைப் பாருங்கள். அங்கே ஏ என்றால் எண்ணெய்ப் பசையில் 95 சதவீதத்துக்கு மேல் வடிகட்டியில் பிடிபடுகிறது. டி என்றால் 65 முதல் 75 வரைதான். கடுகும் வெங்காயமும் செத்தல் மிளகாயும் தாளிக்கிற வீட்டில் இந்த வித்தியாசம் சின்னதல்ல. பிடிபடாத எண்ணெய் குழாயின் உட்சுவரிலும் மோட்டாரிலும் படியும். பிறகு அங்கே கை போட்டுத் துடைக்க முடியாது. பெரிய எழுத்து ஒரு படி இறங்கினாலும் பரவாயில்லை, இதில் பிக்குக் கீழே போகாதீர்கள். வாங்கின பிறகு உலோக வடிகட்டியை அடிக்கடி சுடுதண்ணீரில் கழுவுங்கள். அடைத்துப்போன வடிகட்டி காற்றை மறித்துவிடும்.

4. டெசிபெல் எண் சாதாரண ஓட்டத்தின் ஆகக்கூடிய வேகத்துக்கு உரியது. ‘பூஸ்ட்’ பொத்தானை அமத்தினால் வருகிற இரைச்சல் அதில் இல்லை. 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்காகக் கேட்கும். பிள்ளை படிக்கிற மேசை குசினிக்குப் பக்கத்தில் என்றால் இந்த எண்ணுக்காகக் கொஞ்சம் காசு கூடக் கொடுக்கலாம்.

5. விளக்கின் எழுத்துக்காக மினக்கெட வேண்டாம்.

6. மணிக்கு எத்தனை கனமீட்டர் காற்றை இழுக்கும் என்பது லேபிளில் இல்லை. கடைக்காரரிடம் தகவல் தாளைக் கேட்டு வாங்குங்கள், அதில் இருக்கும். குசினியின் நீள, அகல, உயரத்தைப் பெருக்கி, வருவதைப் பத்தால் பெருக்குங்கள். 4 மீட்டர், 3 மீட்டர், 2.5 மீட்டர் என்றால் 30 கனமீட்டர். ஆக 300 போதும். தாளிப்பு அதிகமென்றால் இன்னும் கொஞ்சம் கூட எடுங்கள்.

7. வாடகை வீட்டில் சுவரில் துளை போட வீட்டுக்காரர் சம்மதிக்காமல் விடலாம். அப்போது கரி வடிகட்டி வைத்துக் காற்றை உள்ளுக்குள்ளேயே சுற்றவிட வேண்டிவரும். மணம் குறையும், நீராவி அறைக்குள்ளேயே நிற்கும். கரியைக் காலத்துக்குக் காலம் மாற்றும் செலவையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

8. வீட்டுக்குள்ளே விறகடுப்போ, அறைக் காற்றை எடுத்து எரிகிற காஸ் ஹீட்டரோ இருந்தால், வெளியே தள்ளுகிற ஹூட்டைப் பூட்ட முன்னர் புகைக்கூண்டு பரிசோதகரைக் கட்டாயம் கேளுங்கள். ஜன்னல் எல்லாம் மூடியிருக்க ஹூட் இழுத்தால், மேலே போகவேண்டிய கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள் திரும்பி வரும். அதற்கு மணமில்லை, நிறமில்லை, ஆளைக் கொல்லும். ஜன்னல் திறந்தால் மட்டும் ஹூட்டை ஓடவிடுகிற சுவிட்ச் கடைகளில் இருக்கிறது. அவர் பூட்டச் சொன்னால், செலவைப் பார்த்துத் தள்ளிப்போடாமல் அன்றைக்கே பூட்டுங்கள்.