விக்டோரியா வுட்: சிரிப்பைத் தானே எழுதிய பெண்மணி

மேடையிலும் திரையிலும் பெண்ணை வைத்துச் சிரிப்பு மூட்டுவது பழைய வழக்கம். மாமியார், பருத்த மனைவி, காது கேளாத பாட்டி ஆகியோரைக் கேலிப் பொருளாக்கி ஆண்கள் எழுதினார்கள். பெண்கள் அதைப் பேசி நடித்தார்கள். இங்கிலாந்தில் இவ்வழக்கத்தை மாற்றிக் காட்டியவர்களுள் முதன்மையானவர் விக்டோரியா வுட் (1953–2016). பாட்டு, வசனம், நாடகம், தொலைக்காட்சித் தொடர் என எல்லாவற்றையும் தாமே எழுதி, தாமே நடித்தவர். அவர் தொழில் செய்த முறையில் எழுத விரும்புவோர்க்குப் பாடங்கள் பல உண்டு. அவற்றைச் சற்றுக் காண்போம்.

இளமையும் காத்திருப்பும்

வட இங்கிலாந்தின் லங்காஷயரில் பிரெஸ்ட்விச் என்னும் ஊரில் 1953 மே 19 அன்று பிறந்தார். நான்கு குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட். எழுத்திலும் நாட்டம் உள்ளவர். பரி நகரை அடுத்த மேட்டு நிலத்தில், அக்கம்பக்கம் இல்லாத ஒரு வீட்டில் குடும்பம் வாழ்ந்தது. தனிமையில் வளர்ந்த சிறுமிக்குப் புத்தகமும் பியானோவும் துணையாயின.

பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் நாடகம் பயின்றார். 1974-இல் ‘நியூ ஃபேசஸ்’ என்ற தொலைக்காட்சித் திறமைப் போட்டியில் வென்றார். வெற்றி வந்ததே தவிர, வேலை எளிதில் வரவில்லை. பியானோ முன் அமர்ந்து வேடிக்கைப் பாட்டுப் பாடும் இளம்பெண்ணை எந்த நிகழ்ச்சியில் சேர்ப்பது என்று எவருக்கும் புரியவில்லை. தமக்கென ஓர் இடம் இல்லாதபோது அவர் என்ன செய்தார்? அந்த இடத்தைத் தாமே எழுதி உருவாக்கினார்.

1978-இல் லண்டன் புஷ் தியேட்டரில் நடந்த ஒரு நிகழ்ச்சிக்காக அவர் எழுதிய சிறு காட்சி நன்கு எடுபட்டது. நடிகை ஜூலி வால்டர்ஸுடன் அவர் இணைந்ததும் அங்கேதான். அதே ஆண்டு ‘டேலண்ட்’ என்ற அவரது நாடகம் ஷெஃபீல்டு நகரில் மேடையேறியது. மறு ஆண்டு தொலைக்காட்சிக்கும் வந்தது. அதன்பின் இருவரின் கூட்டு பல்லாண்டுகள் நீடித்தது.

சரியான சொல்

அவருக்குப் பெரும்புகழ் தந்தது 1985-இல் பி.பி.சி.யில் தொடங்கிய ‘விக்டோரியா வுட் ஆஸ் சீன் ஆன் டிவி’. அதில் வந்த பெண்கள் கடைச் சிப்பந்திகள், பக்கத்து வீட்டு மாமிகள், பஸ்ஸுக்குக் காத்திருப்போர். அவர்கள் பேச்சில் துணுக்குகள் இல்லை. பிஸ்கட்டின் பெயர், கடையின் பெயர், துணியின் பெயர் இருந்தன. பொதுவான சொல்லுக்குச் சிரிப்பு வராது. குறிப்பான சொல்லுக்கே வரும் என்பதை அவர் அறிந்திருந்தார். ‘பலகாரம் கொடுத்தாள்’ என்றால் யாரும் சிரிப்பதில்லை. ‘நேற்று மீந்த உப்புமாவை உருட்டிப் போண்டா என்று கொடுத்தாள்’ என்றால் சிரிப்பு வருகிறதல்லவா? அதுதான் சூட்சுமம்.

அந்நிகழ்ச்சியின் ஒரு பகுதி ‘ஏகார்ன் ஆன்டிக்ஸ்’. மலிவாக எடுக்கப்படும் தொடர்களைக் கேலி செய்வது. ஆடும் சுவர், மறந்துபோன வசனம், நேரம் தவறி நுழையும் நடிகர் என எல்லாம் பிழைமயம். ஆனால் ஒவ்வொரு பிழையும் திட்டமிட்டு எழுதி, ஒத்திகை பார்த்துச் செய்யப்பட்டது!

பங்கிட்டுக் கொடுத்தல்

நாயகி தாமே, ஆசிரியரும் தாமே என்றால் நல்ல வசனமெல்லாம் எங்கே போகும்? விக்டோரியா அவற்றைப் பிறருக்குக் கொடுத்தார். ‘ஏகார்ன் ஆன்டிக்ஸ்’ தொடரில் அனைவரும் நினைவில் வைத்திருப்பது தேநீர்த் தட்டுடன் தள்ளாடி வரும் மிஸஸ் ஓவரால். அவ்வேடம் ஜூலி வால்டர்ஸுடையது. 1998 முதல் 2000 வரை 16 பகுதிகளாக வந்த ‘டின்னர்லேடீஸ்’ தொடரிலும் அப்படியே. மான்செஸ்டர் தொழிற்சாலை ஒன்றின் கேண்டீன்தான் களம். பணிப்பெண்கள் ஒவ்வொருவருக்கும் தனிப் பேச்சு, தனிக் குணம். அனிதா என்ற பணிப்பெண்ணாக நடித்த ஷோப்னா குலாத்தி இந்திய வம்சாவளியினர்.

இத்தொடரின் ஒவ்வொரு பகுதியும் பார்வையாளர் முன்னிலையில் இரண்டு மாலைகள் பதிவாயிற்று. முதல் மாலையில் எங்கே சிரிப்பு எழவில்லை என்று கவனித்து, இடையில் வசனத்தைத் திருத்திவிடுவார் விக்டோரியா. புகழின் உச்சியில் இருந்தபோதும் ‘நான் எழுதியது சரி’ என்று அவர் இருந்துவிடவில்லை.

சிரிப்பின் அடியில்

‘டின்னர்லேடீஸ்’ நாயகி பிரென், தாயால் கைவிடப்பட்டு விடுதியில் வளர்ந்தவள். அந்தத் தாய் அவ்வப்போது வந்து பொய் சொல்லிப் பணம் கேட்கும்போது நாம் சிரிக்கிறோம். உடனே நெஞ்சு கனக்கிறது. இந்த ஆழம் 2006-இல் வந்த ‘ஹவுஸ்வைஃப், 49’ படத்தில் முழுமை பெற்றது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் நெல்லா லாஸ்ட் என்ற இல்லத்தரசி எழுதிய நாட்குறிப்பே அதன் மூலம். வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தவர், போர்க்காலத் தொண்டில் இறங்கித் தம் மதிப்பை உணர்கிறார். இதற்காகச் சிறந்த நடிகை, சிறந்த தனி நாடகம் என இரண்டு பாஃப்டா விருதுகள் 2007-இல் விக்டோரியாவுக்குக் கிடைத்தன. 2016 ஏப்ரல் 20 அன்று, 62-ஆம் வயதில், புற்றுநோயால் காலமானார். பரி நகரில் 2019-இல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

நாம் கற்க வேண்டியவை

1. பிறர் வாய்ப்புத் தரும்வரை காத்திராமல் எழுதத் தொடங்குக.
2. காதால் கேட்ட பேச்சை, கேட்ட சொல்லிலேயே எழுதுக.
3. நல்ல வசனத்தை, அது பொருந்தும் பாத்திரத்துக்கே கொடுக்க. அது நம் பாத்திரமாக இல்லாவிடினும்.
4. சபை சிரிக்காத இடத்தை மறுநாளே திருத்துக.

நம் சங்க ஆண்டு விழாக்களில் நாடகம் போடும் அன்பர்கள் இவற்றை மனத்தில் கொள்ளலாம். சகோதரிகளுக்கு ஒரு சொல்: நாடகத்தில் மாமியார் வேடம் கிடைக்குமா என்று கேட்பதோடு நில்லாதீர்கள். அந்த மாமியார் என்ன பேச வேண்டும் என்பதையும் நீங்களே எழுதுங்கள். அவரை அருகிலிருந்து பார்த்தவர்கள் நீங்கள்தானே!