மாறுவேடம் பூண்ட பகைவன்

சின்னமுத்து ஒருமுறை வந்து தேறினால், பெரும்பாலும் மீண்டும் வருவதில்லை. மலேரியாவோ ஒருவரைப் பன்முறை பற்றும். இவ்வேற்றுமை ஏன் என ஆராய்வோம்.

நுளம்பு கடித்ததும் உடலிற் புகும் ஒட்டுண்ணி, விரைவில் ஈரற் கலங்களுள் ஒளிந்துகொள்ளும். அங்கு ஏறக்குறைய ஒரு வாரம் பெருகிய பின் செங்குழியங்களுட் புகும். செங்குழியத்திற்குக் கருவில்லை, தன்னுட் பகைவன் புகுந்தமையை ஏனைய கலங்கள்போல் வெளிக்காட்டும் ஆற்றலும் அதற்கில்லை. கள்வனுக்கு இதனினும் நல்ல மறைவிடம் வேறுண்டோ?

எனினும், நோயுற்ற குழியங்களை மண்ணீரல் வடித்து அழிக்கும். கொடியதான பல்சிபாரம் என்னும் வகை அதற்கும் வழி கண்டுள்ளது. குழியத்தின் மேற்பரப்பில் ஒரு புரதத்தை நிறுத்தி, குருதிக் குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொண்டு மண்ணீரலை அணுகாது தப்பும். உடல் அப்புரதத்தை இனங்கண்டு பிறபொருளெதிரிகளை ஆக்குவதற்குள், ஒட்டுண்ணிகளுட் சில வேறொரு புரதத்தை அணிந்துவிடும். இதற்கென ஏறக்குறைய 60 பரம்பரையலகுகள் அதனிடம் உள. வைவாக்ஸ் என்னும் வகையோ ஈரலில் மாதக்கணக்கில் உறங்கிப் பின்னர் எழும்.

ஆதலின் மலேரியாவுக்கு எதிரான நிர்ப்பீடனம் பலமுறை நோயுற்றே சிறிது சிறிதாகச் சேரும். நோய் அகன்றிருப்பின் தேயும். 1934-35இல் இலங்கையில் மழை பொய்த்து, ஆறுகள் குட்டைகளாகி, நுளம்பு பெருகியது. ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். மலேரியா பழகிய வறண்ட பகுதியினரைவிட, அதனை அதிகம் அறியாத ஈரவலயத்தினரே பெரிதும் அழிந்தனர்.

1963இல் நாடு முழுவதும் 17 நோயாளரே காணப்பட்டனர். விழிப்புத் தளர்ந்தது, 1969இல் தொகை ஐந்து இலட்சத்தைக் கடந்தது. பின்னர் பல்லாண்டு உழைப்பின் பயனாக, 2012 அக்டோபரின் பின் உள்ளூர்த் தொற்று நின்றது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியாவற்ற நாடென அறிவித்தது.

வலப்பனையின் உயர்ந்த தேயிலை மலைகளிற் குளிரே நமக்குக் காவல். ஆயின் நம் பிள்ளைகள் தொழில் நாடிக் கடல்கடந்தும் செல்கின்றனர். இன்று நம் இளைஞரின் குருதி இப்பகைவனின் எந்த வேடத்தையும் அறியாது. மலேரியா உள்ள நாட்டிலிருந்து மீண்டவர்க்குக் காய்ச்சல் கண்டால், சென்ற இடத்தை வைத்தியரிடம் கூறி உடனே குருதிப் பரிசோதனை செய்விக்க வேண்டும். உடல் அறியாததை அறிவு அறிந்திருத்தல் கடன்.