நோய்ப் பரீஷகமும் இல்லறத்தார் கடமையும்

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் 9-ஆம் அத்தியாயம் 22 பரீஷகங்களை உரைக்கின்றது. அவற்றுள் நோயும் ஒன்று. வேதனையையே ஓயாது எண்ணியிருத்தலை அவ்வத்தியாயமே ஆர்த்தத் தியானத்தின் நான்கு வகைகளுள் ஒன்றாக வைக்கின்றது. நோய் பழவினையின் பயன். அதனை நினைந்து நைதல் புதுவினைக்கு வாயில்.

இதய அறுவை சிகிச்சைக்குப்பின் இல்லம் திரும்பியவர் இதனை உணர்தல் வேண்டும். அறுத்த மார்பெலும்பு கூடுவதற்கு 6 முதல் 12 வாரங்கள் வரை ஆகும். நேற்றுத் தெருமுனைவரை நடந்தவர் இன்று வாயிற்படியிலேயே களைத்து அமரக்கூடும். முகத்துவாரக்குப்பம் சார்ந்த எண்ணூர்ப் பகுதியினர் 2023 டிசம்பரில் புயல்வெள்ளத்தோடு பரவிய எண்ணெய்ப் படலத்தையும், 26-ஆம் நாள் இரவு அமோனியாக் கசிவையும் அடுத்தடுத்துக் கண்டனர். ஒரு துன்பம் தீருமுன் மற்றொன்று வருதல் உலகியல்பு, உடலுக்கும் அஃதே.

ஆயினும் பொறுத்தல் வேறு, மறைத்தல் வேறு. காய்ச்சல், புண்ணில் சீழ், மூச்சுத்திணறல், கெண்டைக்கால் வீக்கம் ஆகியவை தோன்றின் உடனே மருத்துவரை நாடுக. இரவுண்ணா விரதமுடையோர் மாத்திரையைத் தாமே நிறுத்தலாகாது. விரதத்தை மருத்துவரிடம் முன்னரே கூறி வேளையை அமைத்துக்கொள்க. உடல் தேறுமுன் உபவாசமும் வேண்டா. ஆற்றலுக்கேற்ற தவத்தையே சூத்திரத்தின் 6-ஆம் அத்தியாயம் பதினாறு பாவனைகளுள் ஒன்றாகக் கூறுகின்றது.

நோயுற்றார்க்குப் பணிவிடை புரிவோரும் மனந்தளர வேண்டா. வையாவிருத்தியம் அகத்தவங்கள் ஆறனுள் ஒன்று. படுத்திருப்பவர் பொறுமையாலும், அருகிருப்பவர் தொண்டாலும் வினை தேய்ப்பாராக.