கர்ப்பப்பைவாய்ப் புற்றும் உடலின் காவற்படையும்

(மாதர் பகுதி)



நம் வீட்டுப் பெண்கள் வாய்விட்டுப் பேசக் கூசும் ஒரு வியாதியைப் பற்றி இந்த இதழில் எழுதுகிறோம். கூச்சம் நல்ல குணந்தான். ஈமானின் ஒரு கிளை என்றே அது போற்றப்பட்டிருக்கிறது. ஆனால் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மதீனத்து அன்ஸாரிப் பெண்களைப் புகழ்ந்தது எதற்காக? மார்க்கத்தைக் கற்றுத் தெளிய வெட்கம் அவர்களைத் தடுக்கவில்லை என்பதற்காகவே. உம்மு ஸுலைம் (ரலி) அவர்கள் பெண்களுக்கே உரிய ஒரு விஷயத்தை நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரில் கேட்டு விளக்கம் பெற்றார்கள். அப்படியிருக்க, உயிர் சம்பந்தப்பட்ட ஒன்றைக் கேட்டறிய நாம் தயங்குவானேன்?

கர்ப்பப்பையின் அடிப்பாகம் குறுகி, பிறப்புவழியில் வந்து முடியும் இடத்திற்குக் கர்ப்பப்பைவாய் என்று பெயர். உள்ளிருந்து வரும் மெல்லிய சவ்வும், வெளியிலிருந்து செல்லும் தடித்த சவ்வும் அங்கேதான் ஒன்றையொன்று சந்திக்கின்றன. புற்று பெரும்பாலும் தோன்றுவது இந்தச் சந்திப்பில்தான். உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 660,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டது. சுமார் 350,000 பேர் மாண்டனர். தடுக்க வழியிருந்தும் நேர்ந்த மரணங்கள் இவற்றில் அதிகம் என்பதே நம் வேதனை.

இதற்குக் காரணம் எச்.பி.வி. எனப்படும் ஒரு வைரஸ். இதில் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. பெரும்பாலானவை தீங்கற்றவை, சில பாலுண்ணியை உண்டாக்கும், ஏறக்குறைய ஒரு டஜன் வகைகளே புற்றுக்கு வித்திடுபவை. ஹரால்ட் சுர் ஹவுசன் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி 1983, 1984-ஆம் ஆண்டுகளில் 16, 18 என்னும் எண்களுள்ள வகைகளைப் புற்றுத் திசுக்களில் கண்டறிந்தார். கர்ப்பப்பைவாய்ப் புற்றில் நூற்றுக்கு எழுபது பங்கு இவ்விரண்டால் வருவதே. அவருக்கு 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, நம் உடலின் காவற்படை இந்த வைரஸை எப்படி எதிர்க்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்போம். சோதனையின் பொருள் விளங்க இது அவசியம்.

நம் சவ்வு, அடுக்கடுக்காகக் கட்டிய சுவர் போன்றது. அடி அடுக்கில் பிறக்கும் அணுக்கள் மெல்ல மெல்ல மேலேறி, கடைசியில் உதிர்ந்து போகின்றன. கண்ணுக்குத் தெரியாத சிறு கீறல் வழியே நுழையும் வைரஸ், நேரே அடி அடுக்கில் போய்க் குடியேறுகிறது. அங்கே சத்தமின்றி இருந்துவிட்டு, அணுக்கள் மேலேறிய பிறகுதான் பெருவாரியாகப் பெருகுகிறது. எப்படியும் உதிரப்போகும் அணுக்கள் அவை! வைரஸ் அவற்றை வெடிக்கச் செய்வதில்லை, வீக்கமோ காய்ச்சலோ உண்டாக்குவதில்லை, இரத்தத்திலும் கலப்பதில்லை. சளிக்காய்ச்சல் வைரஸ் கொள்ளைக்காரன் போல் கதவை உடைத்து வருகிறது, காவலர் விழித்துக்கொள்கின்றனர். எச்.பி.வி.யோ பின்கட்டில் சத்தமின்றிக் குடியிருக்கும் கள்வன்.

அப்படியும் காவற்படை ஏமாந்துவிடுவதில்லை. டி-அணுக்கள் என்னும் வெள்ளையணுக்கள் தொற்றுண்ட அணுக்களைக் கண்டுபிடித்து அழிக்கின்றன. பத்தில் ஒன்பது பேருக்கு, பெரும்பாலும் இரண்டு ஆண்டுகளுக்குள், மருந்தின்றியே தொற்று அடங்கிவிடுகிறது. அல்லாஹ் நம் உடலில் அமைத்திருக்கும் இந்த ஏற்பாட்டை எண்ணி வியக்காமல் இருக்க முடியுமா? ஆனால் அடங்குவது என்றால் எப்போதும் அடியோடு ஒழிவது என்று கொள்ளலாகாது. சிலரிடம் அது மிகச் சிறிய அளவில் ஒளிந்திருந்து, பல ஆண்டுகள் கழித்து, உடல் தளரும்போது மீண்டும் தலைகாட்டும்.

அடங்காமல் நீடிக்கும் சிலரிடத்தில்தான் ஆபத்து. அணுக்கள் கட்டுமீறிப் பெருகாதபடி தடுக்கும் இரண்டு கடிவாளங்களை வைரஸின் இரண்டு புரதங்கள் அறுத்துவிடுகின்றன. அணுக்கள் உருமாறத் தொடங்குகின்றன. எனினும் அது புற்றாக முற்ற, நல்ல எதிர்ப்புச் சக்தி உள்ளவர்களுக்குச் சாதாரணமாக 15 முதல் 20 ஆண்டுகள் செல்லும். சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. போன்றவற்றால் எதிர்ப்புச் சக்தி குன்றியவர்களுக்கு 5 முதல் 10 ஆண்டுகளிலேயே வந்துவிடலாம். புகைபிடிப்பதும் அவ்விடத்துக் காவலைப் பலவீனப்படுத்துகிறது. கருஞ்சீரகமும் தேனும் உண்டு வருகிறோமே, போதாதா என்று சில பெரிய உம்மாமார் கேட்கக்கூடும். அவற்றின் சிறப்பை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவற்றை உண்பதால் சோதனை வேண்டாமென்று இருந்துவிடுவது பெரும் பிசகு.

இந்தப் பதினைந்து இருபது ஆண்டு அவகாசம் இருக்கிறதே, அதுதான் நமக்குக் கிடைத்த வாய்ப்பு. இதைப் பயன்படுத்த வழிகாட்டியவர் ஜார்ஜ் பாப்பனிக்கொலா என்ற கிரேக்க நாட்டு டாக்டர். 1913-இல் அமெரிக்கா சென்ற அவர், கர்ப்பப்பைவாயில் உதிரும் அணுக்களை பூதக்கண்ணாடியில் ஆராய்ந்தார். அவர் மனைவியே ஆண்டுக்கணக்கில் தம்மிடமிருந்து மாதிரி எடுக்க இடங்கொடுத்து உதவினார். 1928-இல் தாம் கண்டதை அவர் சொன்னபோது செவிசாய்த்தவர் சிலரே. ஹெர்பர்ட் டிராட் என்பவருடன் சேர்ந்து 1941-இல் வெளியிட்ட கட்டுரைக்குப் பின்பே வைத்திய உலகம் திரும்பிப் பார்த்தது. அவர் பெயரைச் சுருக்கியே பாப் சோதனை என்கிறோம். சிறு தூரிகையால் சில அணுக்களை வழித்தெடுப்பார்கள். சில நிமிஷ வேலை. இப்போது வைரஸையே நேராகத் தேடும் எச்.பி.வி. சோதனையும் வந்திருக்கிறது.

சிங்கப்பூரில் 25 முதல் 29 வயது வரை மூன்றாண்டுக்கு ஒருமுறை பாப் சோதனையும், 30 வயதிலிருந்து ஐந்தாண்டுக்கு ஒருமுறை எச்.பி.வி. சோதனையும் செய்துகொள்ளச் சொல்கிறார்கள். மலேசியாவில் எச்.பி.வி. சோதனை 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை. மலாயாப் பல்கலைக்கழகம் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றுடன் சேர்ந்து 2018-இல் தொடங்கிய ‘ரோஸ்’ திட்டத்தில், பெண்கள் திரைமறைவில் தாமே பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்துக் கொடுக்கலாம். முடிவு கைத்தொலைபேசிக்கு வந்துவிடும். பிறர் முன் படுக்க வேண்டுமே என்று அஞ்சும் சகோதரிகளுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு வேண்டுமா? மற்ற இடங்களிலும் பெண் டாக்டர்தான் வேண்டும் என்று தயங்காமல் கேளுங்கள். கணவரை இழந்தவர்களும் மாதவிடாய் நின்றவர்களும் ‘நமக்கென்ன’ என்று இருந்துவிடக் கூடாது. கூடலுக்குப் பின்போ, மாதவிடாய் நின்ற பின்போ உதிரம் கண்டால் சோதனைத் தவணைக்குக் காத்திராமல் உடனே டாக்டரிடம் செல்லவும்.

இங்கே கணவன்மாருக்கும் மாமியார்மாருக்கும் ஒரு வார்த்தை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. இந்த வைரஸ் தாம்பத்திய உறவால் பரவுவது என்று கேள்விப்பட்டதும், ‘தொற்று உண்டு’ என்ற முடிவைக் கையில் வைத்துக்கொண்டு மனைவியின் நடத்தையை ஐயுறுவோர் உண்டு. மேலே சொன்னதை நினைத்துப் பாருங்கள்: பல்லாண்டு ஒளிந்திருந்து தலைகாட்டும் வைரஸ் இது, எப்போது வந்தது, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று எந்தச் சோதனையாலும் கூற முடியாது. மணவாழ்க்கை நடத்தும் ஆண் பெண் இருபாலரில் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையேனும் இதைப் பெற்றவர்களே. கற்புடைய பெண்மீது பழி சுமத்துவோன் நான்கு சாட்சிகளைக் கொண்டுவர வேண்டும் என்பது சூரா அந்நூர் விதிக்கும் சட்டம். ஆய்வுக்கூடத்துக் காகிதம் ஒரு சாட்சிகூட அன்று. இந்தப் பழிச்சொல்லுக்கு அஞ்சியே சோதனைக்குப் போகாத பெண் இருப்பாளானால், அவளுக்கு நேரும் கதிக்கு யார் பொறுப்பு?

தொற்று உண்டு என்பது புற்று உண்டு என்பதும் அன்று. மேல்சோதனையில் உருமாறிய அணுக்கள் தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் உறையவைத்தோ மின்கம்பியால் வழித்தோ நீக்கிவிடுவார்கள். பெரும்பாலோர் அன்றே வீடு திரும்பலாம்.

நம் பெண்மக்களுக்குத் தடுப்பூசியும் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் இயான் ஃபிரேசரும் ஜியான் சோவும் 1991-இல் வைரஸின் மேலோட்டை மட்டும் உள்ளீடின்றி உருவாக்கும் வழியைக் கண்டனர். 2006 முதல் ஊசி வழக்கத்துக்கு வந்தது. ஊசி தசையில் போடப்படுவதால், வைரஸ் மறைத்து வைத்திருந்த அடையாளம் காவற்படைக்கு நன்கு தெரிந்துவிடுகிறது. இயற்கைத் தொற்றால் உண்டாவதைவிடப் பன்மடங்கு எதிர்ப்பொருள் உண்டாகிறது. முன்பே குடியேறிய வைரஸை இது விரட்டாது. ஆகவேதான் மலேசியாவில் 2010 முதல் 13 வயதிலும், சிங்கப்பூரில் 2019 முதல் உயர்நிலை ஒன்றிலும் பள்ளி மாணவிகளுக்குப் போட ஏற்பாடு செய்யப்பட்டது. ‘கன்னிப் பிள்ளைக்கு இது எதற்கு?’ என்று கேட்கும் தாய்மாருக்கு இதுவே பதில். ஊசி போட்டுக்கொண்டவர்களும் வயது வந்ததும் சோதனை செய்துகொள்ள வேண்டும். எல்லா வகைகளையும் ஊசி தடுப்பதில்லை.

சோதனைக்கு நாள் குறிக்கையில் மாதவிடாய் நாட்களைத் தவிர்க்கவும். ரமலான் பகலையும் தவிர்ப்பது நலம். உடலின் உள்ளே ஒரு பொருள் செல்வதால் நோன்பு முறியும் என்பது ஷாபிஈ மத்ஹபின் தீர்ப்பு. ஷஃபானிலோ ஷவ்வாலிலோ வைத்துக்கொண்டால் சிக்கலில்லை. நோயின் அறிகுறி கண்டு டாக்டர் அவசரப்படுத்தினால் மட்டும் மாதத்தைப் பார்க்க வேண்டாம். நோன்பைப் பிறகு களாச் செய்துகொள்ளலாம்.