வெயில் காயும் கிழங்கு, மேடை ஏறும் பூ

கேள்வி: நியூ ஜெர்சியில் வீடு வாங்கி நான்கு வருடம் ஆகிறது. வந்த வருடமே ஒரு சிநேகிதி கொடுத்த ஐரிஸ் கிழங்குகளை நட்டேன். இலைகள் கத்தி கத்தியாகச் செழித்து நிற்கின்றன. பூ ஒன்றுகூட இல்லை. எதிர்வீட்டில் ஒவ்வொரு மே மாதமும் கொத்துக் கொத்தாகப் பூக்கிறது. ஊரில் மல்லிகையும் மஞ்சளும் வளர்த்த கைதான் என்னுடையது. எங்கே தவறு? இங்குள்ள ஐரிஸ் சங்கத்தின் கண்காட்சியில் ஒரு தண்டாவது வைக்க வேண்டும் என்று மகளுக்கு ஆசை. அதற்கு என்ன செய்ய வேண்டும்?

பதில்: மஞ்சள் வளர்த்த கை என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். பாதிப் பதில் அதில்தான் இருக்கிறது. கிழங்கு என்றாலே குழி பறித்து, உள்ளே வைத்து, மண்ணை அணைத்து மூடுவது நம் வழக்கம். இஞ்சிக்கும் மஞ்சளுக்கும் அது சரி. உங்களிடம் இருப்பது பெரும்பாலும் தாடி ஐரிஸ், அதாவது தாழும் இதழ்களில் தாடி போல மயிர் வரிசை உள்ள வகையாக இருக்கும். அது நேர் எதிர். அதன் கிழங்கு முதுகில் வெயில் பட வேண்டும். புதைத்தால் இலை வரும், பூ வராது. என் முதல் பாத்தியையும் நான் நான்கு அங்குல ஆழத்தில் நட்டு, இரண்டு வசந்தம் வெறும் இலையைப் பார்த்திருக்கிறேன். நம்மவர்களிடம் இந்தத் தவறு மிகவும் சகஜம். திருத்துவதும் எளிது.

நடும் முறை

நம் பகுதியில் ஜூலைக் கடைசியிலிருந்து செப்டம்பர் பாதி வரை நடலாம். முதல் கடும் உறைபனிக்குக் குறைந்தது 6 வாரம் முன்னதாக நட்டு முடித்தால்தான் வேர் பிடிக்கும். நாளொன்றுக்கு 6 மணி நேரமாவது நேர் வெயில் விழும் இடமாகப் பாருங்கள். மேப்பிள் மரத்தடியும் வீட்டின் வடக்குப் பக்கமும் வேண்டாம்.

குழியின் நடுவில் மண்ணைச் சின்ன வரப்பு போலக் குவியுங்கள். கிழங்கை அதன்மேல் குதிரையில் ஏற்றுவதுபோல் உட்கார வைத்து, வேர்களை இரண்டு பக்கமும் தொங்கவிடுங்கள். வேரை மட்டும் மண்ணால் மூடி நன்றாக அழுத்துங்கள். கிழங்கின் மேல்பாகம் மண் மட்டத்தில் வெளியே தெரிய வேண்டும்; சுடும் கோடை என்றால் விரல் நகம் அளவு மண் போதும். இலைகளை விசிறி வடிவில் அரையடி உயரத்துக்கு வெட்டிவிட்டால், புது வேர் வரும்வரை செடி வாடாது. ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இடைவெளி விடுங்கள்.

ஐரிஸுக்கு ஆகாதது தேங்கிய தண்ணீர். உங்கள் மண் களிமண் என்றால், பாத்தியை அரையடி மேடாக்கி அதில் நடுங்கள். அப்படியும் ஈரம் வடியாத மூலையில் தாடி ஐரிஸை நட்டு வீணாக்காதீர்கள். அந்த இடத்துக்குச் சைபீரிய ஐரிஸோ ஜப்பானிய ஐரிஸோ பொருந்தும். ஜப்பானிய வகைக்குப் புளிப்பு மண் வேண்டும், சுண்ணாம்பு ஆகாது.

ஒரு எச்சரிக்கை: ஐரிஸ் கிழங்கு பார்வைக்கு இஞ்சி போலவே இருக்கும். ஆனால் விஷம், தின்றால் வாந்தியும் வயிற்று உபாதையும் வரும். பிரித்து எடுத்த கிழங்கைச் சமையலறைப் பக்கமோ குழந்தைகளும் நாயும் எட்டும் இடத்திலோ வைக்காதீர்கள். சாறு சிலருக்குத் தோலை அரிக்கும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

வாழையைப் போலத்தான்

நம் ஊர்க்காரருக்கு ஐரிஸைப் புரியவைக்க வாழையைவிட நல்ல உதாரணம் இல்லை. தாய் வாழை ஒரு முறைதான் குலை தள்ளும். பிறகு பக்கக் கன்றுகள் வளரும். ஐரிஸிலும் பூத்த கிழங்கு மறுபடி பூக்காது. அதன் இரண்டு பக்கமும் புதுக் கிழங்குகள் பிறந்து, அவை அடுத்த வருடங்களில் பூக்கும். அதனால் முதல் மே மாதம் ஒரு தண்டு வந்தாலே திருப்தி அடையுங்கள். இரண்டாவது, மூன்றாவது வருடம்தான் உச்சம்.

நான்காவது வருடம் கூட்டம் அதிகமாகிவிடும். கிழங்குமேல் கிழங்கு ஏறி, நடுவில் பழைய தாய்க்கிழங்குகள் கட்டையாகக் கிடக்கும், பூ குறையும். 3, 4 வருடத்துக்கு ஒருமுறை ஜூலையில் முழுப் புதரையும் தோண்டி எடுத்து, ஓரத்து இளங்கிழங்குகளை மட்டும் இலை விசிறியோடு ஒடித்து நட்டு, பழசை அப்புறப்படுத்துங்கள். உங்கள் செடிக்கு வயது நான்கு. ஆழமும் கூட்டமும் சேர்ந்தே பூவை நிறுத்தியிருக்கும். இந்த ஜூலையில் தோண்டிப் பாருங்கள்.

உரம், தண்ணீர்

மூன்றாவது சந்தேகம் உங்கள் புல்வெளிமேல். புல்லுக்குத் தூவும் உரத்தில் நைட்ரஜன் அதிகம். அது பாத்தியில் விழுந்தால் இலை தழைக்கும், பூ நிற்கும், கிழங்கு கொழுத்து அழுகும். பச்சைச் சாணமும் அப்படித்தான். ஐரிஸுக்கு 5-10-10 போன்ற நைட்ரஜன் குறைந்த உரம் ஒரு கைப்பிடியை, வசந்தத் தொடக்கத்தில் ஒருமுறை, பூத்து ஒரு மாதம் கழித்து ஒருமுறை, கிழங்கின்மேல் படாமல் சுற்றிலும் போடுங்கள். நட்ட சில வாரங்களுக்கு மேல்மண் காயக் காயத் தண்ணீர் ஊற்றுங்கள். வேர் பிடித்த பிறகு மழையே பெரும்பாலும் போதும். புல்வெளித் தெளிப்பான் தினமும் பாத்தியை நனைத்தால் அதன் திசையைத் திருப்பிவிடுங்கள். மரத்தூளைக் கிழங்குமேல் பரப்பாதீர்கள்.

மான்கள் இதை அனேகமாகத் தொடுவதில்லை. செம்பருத்தியையும் அவரையையும் மானுக்குப் பறிகொடுத்தவர்களுக்கு அது பெரிய ஆறுதல்.

துளைப்புழுவும் அழுகலும்

அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் ஐரிஸின் பெரிய எதிரி துளைப்புழு. இலையுதிர் காலத்தில் அந்துப்பூச்சி காய்ந்த இலைகளில் முட்டை வைக்கும். ஏப்ரல், மே மாதத்தில் பொரித்த புழு இலைக்குள் நுழைந்து, கீழே இறங்கிக் கிழங்கைக் குடையும். இலை விளிம்பு ரம்பப்பல் போல அரித்திருந்தாலோ, நீர்க்கோடு மாதிரி ஒரு தடம் கீழ்நோக்கிப் போனாலோ, அந்தத் தடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வாருங்கள். உள்ளே இருக்கும் புழு நசுங்கிவிடும். அதைவிட நல்லது முன்தடுப்பு: உறைபனி விழுந்த பிறகு காய்ந்த இலை அத்தனையையும் அள்ளி, குப்பைப் பையில் கட்டிப் போடுங்கள். உரக்குழியில் சேர்க்காதீர்கள்.

புழு குடைந்த வழியாகத்தான் பெரும்பாலும் அழுகல் நுழையும். இலை விசிறி சாய்ந்து, பக்கத்தில் குனிந்ததுமே நாற்றம் அடித்தால் அது பாக்டீரியா அழுகல். கிழங்கை எடுத்து, கொழகொழத்த பாகத்தைக் கரண்டியால் கெட்டியான சதை தெரியும்வரை சுரண்டுங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, வேறு இடத்தில் நடுங்கள்.

பெயர் இல்லாத பூவுக்கு மேடை இல்லை

இனி உங்கள் மகளின் ஆசைக்கு வருவோம். அமெரிக்க ஐரிஸ் சங்கம் 1920-ல் தொடங்கியது. புது ரகங்களின் பெயரைப் பதிவு செய்வதும், நடுவர்களைப் பயிற்றுவிப்பதும் அதன் வேலை. உள்ளூர்ச் சங்கங்கள் அதன் விதிப்படியே கண்காட்சி நடத்துகின்றன. ரகப் போட்டியில் வைக்கும் பூவுக்குப் பதிவான பெயர் தெரிந்திருக்க வேண்டும். சிநேகிதி கொடுத்த பூ எவ்வளவு அழகாக இருந்தாலும், பெயர் தெரியாவிட்டால் அந்தப் பிரிவில் இடமில்லை. படத்தைப் பார்த்து ஊகித்த பெயரும் சரிவராது. ஒரே மாதிரித் தெரியும் ரகங்கள் ஏராளம்.

ஆகவே போட்டிக்கென்று பெயரோடு சில கிழங்குகள் வாங்குங்கள். உள்ளூர்ச் சங்கங்கள் ஜூலை, ஆகஸ்டில் கிழங்கு விற்பனை நடத்துவதுண்டு. உறுப்பினர்கள் தங்கள் பாத்தியைப் பிரித்து, இலையிலேயே மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக் கொண்டுவருவார்கள். உங்கள் மண்ணிலும் குளிரிலும் தேறிய செடி மலிவாகக் கிடைக்கும் இடம் அதுதான். அமெரிக்காவில் ஐரிஸுக்கு மிக உயர்ந்த பரிசு டைக்ஸ் பதக்கம். 1985-ல் அதைப் பெற்ற இளஞ்சிவப்பு ‘பெவர்லி சில்ஸ்’, 1992-ல் பெற்ற அடர் ஊதா ‘டஸ்கி சேலஞ்சர்’, இலையுதிர் காலத்தில் இன்னொரு முறையும் பூக்கக்கூடிய வெள்ளை ‘இம்மார்ட்டாலிட்டி’ மூன்றும் தொடக்கத்துக்கு நல்லவை. நட்ட அன்றே பெயர்ப்பலகை வையுங்கள். பனியில் பலகை பெயரும் என்பதால், பாத்தியின் வரைபடம் ஒன்றை நோட்டில் போட்டு வையுங்கள்.

எந்த ரகம் வாங்குவது என்று முடிவு செய்யுமுன், மாண்ட்கிளேரில் 1927-ல் அமைத்த பிரெஸ்பி நினைவு ஐரிஸ் தோட்டத்துக்கு மே மத்தியில் குடும்பத்தோடு போய் வாருங்கள். மலைச்சரிவு முழுக்கப் பெயர்ப்பலகையோடு பூத்து நிற்கும். நோட்டுப் புத்தகத்தோடு போங்கள்.

நடுவர் எதைப் பார்க்கிறார்?

பெரிய பூவுக்குத்தான் பரிசு என்பது தவறான எண்ணம். அந்த ரகம் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறதா என்பதே நடுவரின் கேள்வி. தாடி ஐரிஸை உயரத்தை வைத்துப் பிரிக்கிறார்கள்: 8 அங்குலம் வரை சிறு குட்டை, 16 வரை குட்டை, 27½ வரை நடுத்தர வகைகள், அதற்கு மேல் நெட்டை. குட்டை ரகத்துக்கு உரமிட்டு நெட்டையாக்கினால் அது குறை. நெட்டை ரகத்தில் தண்டு நேராக நிற்க வேண்டும். கிளைகள் குத்துவிளக்கின் கைகள் போல இடம்விட்டுப் பிரிய வேண்டும். பூக்கள் ஒன்றோடொன்று முட்டக்கூடாது. இரண்டு மூன்று பூ ஒரே நேரத்தில் புத்தம் புதிதாக விரிந்திருந்தால் விசேஷம். மேலெழும் மூன்று இதழ்களும் தாழும் மூன்று இதழ்களும் கிழிசல், மழைப்பொட்டு, பூச்சிக்கடி இல்லாமல் இருக்க வேண்டும்.

இதில் பாதி பூவின் பிறவிக் குணம். மீதிப் பாதி உங்கள் கையில்.

முந்தைய நாள் மாலை

ஒரு பூ இரண்டு மூன்று நாள்தான் நிற்கும். கண்காட்சி சனிக்கிழமை காலை என்றால், வெள்ளிக்கிழமை சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தண்டை அடியோடு வெட்டுங்கள். மேல்மொட்டு நிறம் காட்டி, முறுக்கு நெகிழத் தொடங்கியிருக்க வேண்டும். விடியும்போது அது விரிந்துவிடும். உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி, குளிர்ந்த பேஸ்மென்ட்டில் வையுங்கள். பூவைச் சில நாள் தள்ளிப்போட ஃபிரிட்ஜில் வைக்கலாம்; ஆனால் ஆப்பிளும் வாழைப்பழமும் இருக்கும் ஃபிரிட்ஜில் கூடாது. பழங்கள் விடும் எத்திலீன் வாயு பூவைக் கெடுக்கும்.

பல தண்டுகளை வெட்டி வையுங்கள். காலையில் ஒன்றிரண்டுதான் சரியாக விரியும். தண்ணீர் நிரப்பிய பாட்டில்களில் ஒவ்வொன்றாக நிறுத்தி, பாட்டில்களை அட்டைப் பெட்டியில் அசையாமல் அடுக்குங்கள். இதழோடு இதழ் உரசும் இடத்தில் மென்மையான டிஷ்யூ காகிதம் செருகுங்கள். காரின் கண்ணாடியைத் திறக்காதீர்கள்.

வாடிய பூவை எடுப்பது

மண்டபத்தில் மேசைமேல் தண்டை நிறுத்திச் சீர்செய்யும் நேரம்தான் எனக்கு மிகப் பிடித்தது. நான் முதன்முறை போனபோது, வாடிய பூவைக் கத்தரிக்கோலால் நறுக்கப் போனேன். எண்பது வயதைத் தாண்டிய ஒரு அம்மா என் மணிக்கட்டை மெல்லப் பிடித்து நிறுத்தினார். வாடிய பூவுக்குக் கீழே பச்சையாகப் புடைத்திருக்கும் சூலகத்தைக் காட்டினார். அதைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறையை இடது விரல்களால் விலக்கிப் பிடித்தார். வலது கட்டைவிரலால் சூலகத்தின் அடியைப் பக்கவாட்டில் ஒரு தள்ளு. ‘டக்’ என்ற சின்னச் சத்தத்தோடு முழுதாகக் கையில் வந்தது. உறையை மறுபடி சேர்த்துவிட்டார். அங்கே ஒரு பூ இருந்ததற்கான அடையாளமே இல்லை. பக்கத்து மொட்டுக்குச் சிறு கீறலும் இல்லை.

இதை வீட்டில் பத்துத் தண்டிலாவது பழகிக்கொண்டு போங்கள். உறையின் நுனி பழுப்பாகியிருந்தால் அதன் கூர்வடிவம் மாறாமல் சின்னக் கத்தரிக்கோலால் திருத்துங்கள். இதழில் மகரந்தம் உதிர்ந்திருந்தால் மென்தூரிகையால் தட்டுங்கள். தண்டின்மேல் சாம்பல் பூத்தாற்போல ஒரு மெழுகுப் பூச்சு இருக்கும். அதை அழுக்கு என்று துடைத்துவிடாதீர்கள். அது செடியின் இயல்பு. விரல் தடம் பட்டால்கூடத் தெரியும். சீட்டில் ரகத்தின் பெயரைப் பிழையில்லாமல் எழுதுங்கள். உங்கள் பெயரை மறைத்துத்தான் நடுவர் முன் வைப்பார்கள். இங்கே முதல் பரிசுக்கு நீல ரிப்பன், இரண்டாவதற்குச் சிவப்பு, மூன்றாவதற்கு வெள்ளை.

மகள் சிறுமி என்றால் சிறுவர் பிரிவு இருக்கிறதா என்று சங்கத்தில் கேளுங்கள். செடியை அவளே நட்டு, அவளே பராமரித்து, அவளே சீர்செய்யட்டும்.

ஊருக்கு எடுத்துப் போகலாமா?

பலர் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நெட்டைத் தாடி ஐரிஸுக்குக் குளிர்கால உறக்கம் வேண்டும். சென்னையிலும் மதுரையிலும் அது கிடைக்காது, நட்டாலும் பூக்காது. மேலும் கிழங்கை இந்தியாவுக்குள் கொண்டுபோக இறக்குமதி அனுமதியும் பயிர்நலச் சான்றிதழும் தேவை. பெட்டியில் மறைத்து எடுத்துப் போகாதீர்கள். நோயும் பூச்சியும் அப்படித்தான் ஊர் தாண்டுகின்றன.

இங்கே பிரித்த கிழங்கை இங்கேயே கொடுங்கள். எதிர்வீட்டுக்காரருக்கும், கோயிலில் பார்க்கும் குடும்பத்துக்கும், சங்கத்தின் விற்பனை மேசைக்கும் கொடுங்கள். கொடுக்கும்போது பெயரை எழுதிக் கொடுங்கள். உங்கள் சிநேகிதியின் கிழங்கு உங்களிடம் வந்தபோது தொலைந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். அதனால்தான் அது இன்று மேடை ஏற முடியவில்லை. அந்தச் செடியைத் தூக்கிப் போடாதீர்கள். தோண்டிப் பிரித்து, வெயிலில், மண்மட்டத்தில் நடுங்கள். அடுத்த மே மாதமோ அதற்கடுத்த மே மாதமோ வாசலில் பூக்கும்.

இந்த ஜூலைக்குள் உள்ளூர்ச் சங்கத்தில் சேர்ந்து, பெயர் தெரிந்த மூன்று கிழங்கு வாங்குங்கள். ஒன்றை மகள் கையில் கொடுங்கள்.