தவணைக் காரா, ரொக்கக் காரா?

கேள்வி: எட்டு லட்ச ரூபாய்க்குக் கார் வாங்க வேண்டும். கையில் பணம் இருக்கிறது. ஷோரூமிலோ, ‘ஏழு வருடத் தவணை போடுங்கள், பணத்தை பேங்கில் வையுங்கள்’ என்கிறார்கள். எது நல்லது?
– வாசகர், திருச்சி

பதில்: ரொக்கம்தான்.

எட்டு லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு ஏழு ஆண்டு தவணையில் எடுத்தால் மாதம் சுமார் 12,870 ரூபாய். வட்டி மட்டும் ஏறக்குறைய 2.81 லட்சம். ஐந்தாண்டில் முடித்தால் தவணை 16,600-ஐத் தாண்டும், வட்டி 1.96 லட்சத்தோடு நிற்கும். தவணை சிறிதாகத் தெரிகிறதே என்று ஏமாறக் கூடாது. வைப்புத்தொகைக்குக் கிடைக்கும் வட்டி பெரும்பாலும் இதைவிடக் குறைவு. அதற்கும் வரி உண்டு.

வண்டியின் மதிப்போ வேகமாக இறங்குகிறது. காப்பீட்டுக் கணக்கில் நான்கு வயதைத் தாண்டிய காருக்குப் பாதி விலை கழிக்கப்படுகிறது. ஏழு ஆண்டுக் கடன்காரர் அப்போதும் மூன்று ஆண்டு தவணை கட்ட வேண்டியிருக்கும்.

பெரிய லாபம் அதற்குப் பிறகுதான் இருக்கிறது. தனியார் காரின் பதிவு 15 ஆண்டு செல்லும். தகுதிச் சோதனையில் தேறினால் ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்கலாம். (டெல்லியில் விதி வேறு.) ஐந்தாறு வருடத்தில் மாற்றாமல், நேரத்துக்கு ஆயில் மாற்றி, சர்வீஸ் செய்து ஓட்டுகிறவர், அடுத்த காருக்கான பணத்தை மாதாமாதம் சேர்த்துவிடலாம்.

ஆனால், அவசரச் செலவுக்கான சேமிப்பைத் துடைத்துக் கார் வாங்கவே வேண்டாம். அந்த நிலையில் பாதிப் பணம் கட்டி, மீதிக்கு மூன்றாண்டுக் கடன் போதும்.

பணத்தைக் காசோலையாகவோ வங்கி வழியாகவோ கொடுங்கள். இரண்டு லட்சமோ அதற்கு மேலோ நோட்டாகப் பெறுவதற்கு வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது.